மனச்சோர்வுக்கு ஒரு அமினோ அமிலம்: டிரிப்டோஃபேனும் 5-எச்.டி.பி.யும்

ஊரில் எந்தக் கவலை பெருகுகிறது என்பது மருந்துக்கடையில் நிற்பவர்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். கும்பகோணத்தில் கடை வைத்திருக்கும் என்னிடம் இப்போது அடிக்கடி வரும் கேள்வி, மனத்துக்குத் தெம்பு தரும் என்று விற்கப்படும் அமினோ அமில மாத்திரைகளைப் பற்றியது. தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று சொல்பவர்கள், மனநல மருத்துவரிடம் போகத் தயங்கி, கைப்பேசியில் பார்த்த டிரிப்டோஃபேன் அல்லது 5-எச்.டி.பி. என்ற பெயரைச் சொல்லி, அது கிடைக்குமா, சாப்பிடலாமா என்று கேட்கிறார்கள். கடையில் கூட்டம் நிற்கும்போது ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பக்கூடிய கேள்வி அல்ல இது. ஆகவே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாத்திரைகள் வெறும் ஏமாற்று வேலை என்று நான் நினைக்கவில்லை. அவற்றுக்குப் பின்னால் மெய்யான உயிர்வேதியியல் இருக்கிறது. ஆனால் மனநிலையை மாற்றும் அளவுக்கு ஒரு பொருளுக்கு வலுவிருந்தால், வேறொரு மருந்தோடு மோதும் வலுவும் அதற்கு இருந்தே தீரும். சத்து மாத்திரைதானே என்ற நினைப்பில் அந்த மோதலைக் கணக்கில் எடுக்காமல் விடுவதுதான் எனக்குப் பெரும் கவலையைத் தருகிறது.

புரதங்கள் கட்டப்படும் அடிப்படைத் துண்டுகளே அமினோ அமிலங்கள். டிரிப்டோஃபேன் நம் உடலால் தானே தயாரித்துக்கொள்ள முடியாத அமினோ அமிலங்களில் ஒன்று. உணவிலிருந்துதான் அது வந்தாக வேண்டும். 1901-இல் இங்கிலாந்தில் ஃபிரடெரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸும் சிட்னி கோலும் பாலிலுள்ள கேசீன் என்ற புரதத்திலிருந்து இதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 4 மி.கி. போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 240 மி.கி. ஒரு முட்டையிலேயே ஏறத்தாழ 75 மி.கி. இருக்கிறது, பால், தயிர், பருப்பு, வேர்க்கடலை, எள், மீன் எல்லாவற்றிலும் இருக்கிறது. வயிறார உண்ணும் வீட்டில் இந்தத் தேவை பெரும்பாலும் உணவிலேயே நிறைவேறிவிடும். ஆகவே மனநிலைக்காக இதை மாத்திரையாக விழுங்குபவர் குறைபாட்டை நிரப்புவதில்லை. தேவைக்கு மேல் பல மடங்கு கொடுத்து மூளையை ஒரு பக்கமாக நகர்த்தப் பார்க்கிறார். ஆய்வுகளில் கொடுக்கப்பட்ட அளவுகள் கிராம் கணக்கில் இருந்தன என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு புரியும்.

மூளைக்குள் டிரிப்டோஃபேன் முதலில் 5-எச்.டி.பி. ஆகிறது, பிறகு வைட்டமின் பி6-இன் துணையோடு, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரோடோனின் ஆகிறது. இந்தச் செரோடோனினில் ஒரு பகுதி மூளையின் பினியல் சுரப்பியில் மெலட்டோனினாக மாறி உறக்கத்தின் நேரத்தை ஒழுங்குபடுத்துகிறது. உடலில் உள்ள செரோடோனினில் சுமார் 90 சதவீதத்துக்கும் மேல் இருப்பது குடலில்தான். அங்கே உருவாகும் செரோடோனின் ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைத் தாண்டாது. வாழைப்பழத்தில் செரோடோனின் இருப்பதால் அதைத் தின்றால் மகிழ்ச்சி வரும் என்று பரப்பப்படும் செய்தி இந்த ஓர் இடத்திலேயே அடிபட்டுப் போகிறது. மூளை தனக்கு வேண்டிய செரோடோனினைத் தானே செய்துகொள்ள வேண்டும். அதற்கான மூலப்பொருளாக டிரிப்டோஃபேன் உள்ளே போக வேண்டும்.

உள்ளே போகும் வழிதான் நெருக்கடியானது. லூசின், ஐசோலூசின், வேலின், டைரோசின், ஃபினைல்அலனின் ஆகிய அமினோ அமிலங்களும் அதே வழியில்தான் மூளைக்குள் நுழைகின்றன. காலை நேரத்து டவுன் பஸ்ஸின் ஒற்றைப் படிக்கட்டில் எல்லோரும் ஒரே சமயத்தில் ஏறப் பார்ப்பது போன்ற நிலை அது. உணவுப் புரதத்தில் மிகக் குறைவாக இருக்கும் டிரிப்டோஃபேன் அந்த நெரிசலில் பின்தங்கிவிடுகிறது. புரதம் நிறைந்த சாப்பாடு மூளையின் டிரிப்டோஃபேனை உயர்த்தாமல் போவதும், மாவுச்சத்து மிகுந்த சாப்பாடு அதைச் சற்று உயர்த்துவதும் இதனால்தான். மாவுச்சத்து இன்சுலினைத் தூண்ட, இன்சுலின் போட்டியாளர்களில் பெரும்பாலானவற்றைத் தசைக்குள் அனுப்பிவிடுகிறது. ஜான் ஃபெர்ன்ஸ்ட்ராமும் ரிச்சர்ட் வுர்ட்மனும் 1970-களின் தொடக்கத்தில் எலிகளில் செய்த ஆய்வுகள் இந்த நுட்பத்தை வெளிக்கொண்டு வந்தன. உடற்பயிற்சிக் கூடத்தில் தரும் பி.சி.ஏ.ஏ. பொடியையும் மனத்தெம்புக்கான டிரிப்டோஃபேனையும் ஒரே பையில் வாங்கிப் போகும் இளைஞர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு. அந்தப் பொடியில் இருப்பவை லூசின், ஐசோலூசின், வேலின்; அவை டிரிப்டோஃபேன் மாத்திரையின் வழியை அடைத்து நிற்கும்.

உள்ளே போனதெல்லாம் செரோடோனினாக மாறிவிடும் என்றும் சொல்ல முடியாது. உடலில் புரதம் கட்டப் பயன்பட்டது போக எஞ்சும் டிரிப்டோஃபேனில் மிகப் பெரும் பகுதி கைனுரெனின் என்ற வேறொரு பாதையில் சென்று சிதைகிறது. நயாசின் என்ற வைட்டமின் பி3 உருவாவதும் அந்தப் பாதையில்தான். சுமார் 60 மி.கி. டிரிப்டோஃபேனிலிருந்து 1 மி.கி. நயாசின் கிடைக்கும் என்பது சத்துணவு நூல்களின் கணக்கு. இந்தப் பாதையின் முக்கியத்துவத்தை நம் நாட்டிலேயே ஆராய்ந்தவர், சேலத்தில் பிறந்து சென்னையில் மருத்துவம் படித்த சி. கோபாலன். ஹைதராபாத்தில் பணிபுரிந்தபோது, சோளத்தையே முதன்மை உணவாகக் கொண்ட தக்காண ஏழைகளிடம் பெல்லாக்ரா என்ற நோய் வருவதை அவர் ஆராய்ந்தார். வெயில் படும் இடத்தில் தோல் கறுத்து உரிவது, வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம், மனச்சோர்வு எல்லாம் அந்த நோயில் உண்டு. சோளத்தில் லூசின் மிகுந்திருப்பது டிரிப்டோஃபேனிலிருந்து நயாசின் உருவாவதைக் கெடுக்கிறது என்ற கருத்தை 1960-இல் சக ஆய்வாளர் ஸ்ரீகாந்தியாவுடன் சேர்ந்து அவர் முன்வைத்தார். அந்த விளக்கம் முழுமையானதா என்று பின்னர் நீண்ட விவாதம் நடந்தது. ஆனாலும் ஒரு அமினோ அமிலத்தின் அளவைக் கூட்டினால் இன்னொன்றின் போக்கு மாறக்கூடும் என்ற கவனம் அங்கிருந்து நமக்குக் கிடைக்கிறது. உடலில் அழற்சி இருக்கும்போது கைனுரெனின் பாதை இன்னும் வேகமெடுக்கும் என்பதும் இப்போது தெரிந்திருக்கிறது. நாள்பட்ட அழற்சி நோயுள்ள ஒருவர் கூடுதலாக விழுங்கும் டிரிப்டோஃபேன் எந்தப் பக்கம் போகும் என்பதை யாரும் உறுதியளிக்க இயலாது.

இவ்வளவு தடைகளையும் தாண்டி இது பயன் தருகிறதா? 1963-இல் இங்கிலாந்தில் அலெக் கோப்பனும் அவருடைய சகாக்களும், அந்நாளில் மனச்சோர்வுக்குக் கொடுக்கப்பட்ட எம்.ஏ.ஓ. தடுப்பு மருந்தோடு (செரோடோனின் போன்றவற்றைச் சிதைக்கும் நொதியை அது தடுக்கும்) டிரிப்டோஃபேனைச் சேர்த்தபோது மருந்தின் பலன் கூடியதாக லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். செரோடோனினுக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு உண்டு என்ற எண்ணம் வேரூன்றியதில் அந்த ஆய்வுக்குப் பங்குண்டு. 1990-இல் யேல் பல்கலைக்கழகத்தில் பெட்ரோ டெல்காடோவின் குழு எதிர்த்திசையில் ஒரு சோதனை செய்தது. மருந்தால் மனச்சோர்வு நீங்கியிருந்த 21 பேருக்கு டிரிப்டோஃபேன் குறைந்த உணவையும், டிரிப்டோஃபேன் இல்லாத அமினோ அமிலக் கலவையையும் கொடுத்தார்கள். அவர்களில் 14 பேருக்கு மனச்சோர்வு தற்காலிகமாகத் திரும்பியது, வழக்கமான உணவுக்குத் திரும்பியதும் தெளிந்தது. அதே போன்ற சோதனையை மனச்சோர்வு வந்தறியாதவர்களிடம் செய்தபோது பெரும்பாலும் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை.

இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. சிலருடைய மனநிலை டிரிப்டோஃபேன் வரத்தை நம்பியிருக்கிறது, எல்லோருடையதும் அப்படியில்லை. குறைத்தால் சோர்வு வருகிறது என்பதால் கூட்டினால் உற்சாகம் வரும் என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2002-ஆம் ஆண்டு மதிப்பாய்வு, டிரிப்டோஃபேனையும் 5-எச்.டி.பி.யையும் மனச்சோர்வுக்குப் பரிசோதித்த 108 ஆய்வுகளைத் தேடியெடுத்தது. தரமான முறையில் நடந்தவை என்று ஏற்கத்தக்கவை 2 மட்டுமே. அவற்றில் பங்கேற்றவர்கள் மொத்தம் 64 பேர். வெற்று மாத்திரையைவிட இவை மேலாக இருந்ததாகவே அந்த இரண்டும் காட்டின. ஆனால் 64 பேரை வைத்துக்கொண்டு லட்சக்கணக்கானவர்களுக்குப் பரிந்துரைக்க முடியாது என்று மதிப்பாய்வாளர்கள் நேர்மையாக எழுதினார்கள். 2022-இல் ஜோவன்னா மான்கிரீஃப் தலைமையில் வந்த விரிவான மதிப்பாய்வு, செரோடோனின் குறைவுதான் மனச்சோர்வின் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது. அதன் முடிவுகளை மறுத்து எழுதியவர்களும் உண்டு. எனினும் செரோடோனின் குறைந்துவிட்டது, நிரப்பிக்கொள்ளுங்கள் என்று விளம்பரம் பேசும் அளவுக்கு விஷயம் எளிதல்ல என்பதில் எனக்கு ஐயமில்லை. உறக்கத்தின் பக்கம் நிலைமை சற்று மேல்: இரவில் 1 கிராம் டிரிப்டோஃபேன் எடுப்பவர்கள் சிலருக்குச் சீக்கிரம் கண்ணயர்வதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. லேசான உறக்கக் குறைவுள்ள, வேறு மருந்து எதுவும் எடுக்காத, மற்றபடி நலமாயிருக்கும் ஒருவருக்கு இது உதவக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை.

5-எச்.டி.பி. தனியாகப் பேச வேண்டியது. மேற்கு ஆப்பிரிக்காவில் வளரும் கிரிஃபோனியா சிம்ப்ளிசிஃபோலியா என்ற கொடியின் விதையிலிருந்து இது எடுக்கப்படுகிறது. மூலிகை என்ற அடையாளம் இதற்கு அதனால் ஒட்டிக்கொண்டது. டிரிப்டோஃபேன் 5-எச்.டி.பி.யாக மாறும் கட்டத்தில் உடல் ஒரு நொதியை வைத்துக் காவல் செய்கிறது. எவ்வளவு மூலப்பொருள் வந்தாலும் அந்த நொதி தன் வேகத்தில்தான் மாற்றும். 5-எச்.டி.பி.யை நேராக விழுங்குபவர் அந்தக் காவலைத் தாண்டிவிடுகிறார். கூடவே அதன் கணிசமான பகுதி மூளையை எட்டுமுன் குடலிலேயே செரோடோனினாக மாறிவிடுகிறது. குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவை இதில் அடிக்கடி வருவதற்குக் காரணம் இதுவே. பார்க்கின்சன் நோய்க்கு கார்பிடோபா சேர்ந்த மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைத் தொடக் கூடாது. கார்பிடோபா அந்தக் குடல் மாற்றத்தைத் தடுப்பதால் மூளைக்குள் போகும் அளவு பெருகிவிடும். இந்த இரண்டும் சேர்ந்தபோது தோல் தடித்து இறுகிய நோயாளிகளைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மாதந்தோறும் எங்கள் கடையில் எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்து 10 மி.கி. வாங்குவார். ஒருமுறை அதோடு முழங்கால் வலிக்கு டிரமடால் கலந்த மாத்திரைச் சீட்டையும் நீட்டினார். அமெரிக்காவிலிருந்து மகள் கொண்டுவந்த ஒரு குப்பியையும் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

"தம்பி, இது மருந்தெல்லாம் இல்லைன்னு பொண்ணு சொல்றா. வெறும் சத்து மாத்திரைதானாம். ராத்திரி இதையும் சேர்த்துப் போட்டுக்கலாமா?"

குப்பியைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் பெரிய எழுத்தில் மகிழ்ச்சியான மனநிலை என்ற வாசகம், ஒரு விதையின் படம், 5-எச்.டி.பி. 100 மி.கி. பின்பக்கத்தில், பார்சல் ரசீதின் அடிக்குறிப்பு அளவிலான எழுத்தில், இந்தக் கூற்றுகளை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மதிப்பிடவில்லை, எந்த நோயையும் குணப்படுத்தும் நோக்கம் இதற்கில்லை என்ற வரிகள். அதற்கும் கீழே, மனச்சோர்வு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்று ஒரு வரி. அந்த ஒரு வரிதான் அவருக்குத் தேவையானது. மூக்குக்கண்ணாடி போட்டும் அவரால் அதைப் படிக்க முடியவில்லை.

"நீங்க சாப்பிடுற மாத்திரையும் இதுவும் ஒரே இடத்துலதான் வேலை செய்யுது டீச்சர். முட்டிவலி மாத்திரையும் கொஞ்சம் அதே வேலையைச் செய்யும். மூணும் சேர்ந்தா தாங்காது. டாக்டர்கிட்ட இப்பவே கேட்டுடலாம்" என்று சொல்லி, அங்கிருந்தே அவருடைய மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன். குப்பியைத் தொட வேண்டாம் என்றார் அவர். வலி மாத்திரையையும் வேறொன்றாக மாற்றிக் கொடுத்தார்.

மூன்றும் சேர்ந்தால் வரக்கூடியது செரோடோனின் மிகைப்பு நிலை. எஸ்சிட்டலோபிராம், ஃபுளூக்செடின், செர்ட்ராலின் போன்றவை நரம்பு முனையில் வெளியான செரோடோனின் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன; 5-எச்.டி.பி.யோ அதன் உற்பத்தியைக் கூட்டுகிறது. பதற்றம், கை நடுக்கம், அளவுக்கு மீறிய வியர்வை, வயிற்றுப்போக்கு, இதயப் படபடப்பு ஆகியவற்றில் தொடங்கி, கால்கள் தாமாகத் துடித்து விறைப்பது, கடும் காய்ச்சல், நினைவு தடுமாறுவது வரை போகலாம். மருந்தைச் சேர்த்த அல்லது கூட்டிய சில மணி நேரத்திலேயே பெரும்பாலும் இது தொடங்கிவிடும். உயிரைக் குடித்த நேர்வுகளும் உண்டு. ஃபுளூக்செடினோடு டிரிப்டோஃபேன் சேர்த்த 5 நோயாளிகளுக்குப் பதற்றமும் வயிற்று உபாதையும் ஏற்பட்டதை 1986-லேயே மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சளி, இருமலுக்குக் கேட்டு வாங்கும் சிரப்புகள் பலவற்றிலுள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், லினிசோலிட் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, ஒற்றைத் தலைவலிக்கான சுமட்ரிப்டன், இருமுனைக் கோளாறுக்கான லித்தியம் ஆகியவையும் இப்படி மோதும் மருந்துகளின் பட்டியலில் சேரும். ஃபுளூக்செடினை நிறுத்திய பிறகும் அது வாரக்கணக்கில் உடலில் தங்கியிருக்கும் என்பதால், நிறுத்திவிட்டேன் என்று சொல்பவரும் பாதுகாப்பானவர் அல்லர். குழந்தைகளுக்குப் பசியெடுக்கத் தரும் சிரப்பில் இருக்கும் சிப்ரோஹெப்டடின், இந்த மிகைப்பு நிலைக்கு மருத்துவமனையில் செரோடோனினைத் தடுக்கும் மருந்தாகவும் பயன்படுகிறது என்பது துணைச்செய்தி. ஆனால் அதை வீட்டில் வைத்துச் செய்துகொள்ளும் வைத்தியமாக யாரும் எண்ணக் கூடாது.

மருந்துகளின் மோதல் ஒருபுறம் இருக்க, குப்பிக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வியும் இருக்கிறது. 1989 அக்டோபரில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், தாங்க முடியாத தசைவலியோடு வந்த மூன்று பெண்களின் ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வகை வெள்ளை அணுக்கள் மிக அதிகமாக இருப்பதை மருத்துவர்கள் கண்டார்கள். மூவரும் டிரிப்டோஃபேன் மாத்திரை சாப்பிட்டவர்கள். நம் ஊரில் ஈஸ்னோபீலியா என்று சொல்லப்படும் இழுப்போடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தசையையும் தோலையும் நரம்பையும் தாக்கும் கடுமையான நோய் இது. நவம்பரில் எச்சரிக்கையும் திரும்பப் பெறும் உத்தரவும் வந்தன. அதற்குள் நோய் பரவலாகிவிட்டது: 1,500-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள், 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பிழைத்தவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் வலியோடு வாழ்ந்தார்கள்.

பாதிக்கப்பட்டவர்கள் உட்கொண்ட டிரிப்டோஃபேன் ஏறத்தாழ முழுவதும் ஜப்பானின் ஷோவா டென்கோ நிறுவனத்தில் தயாரானது என்று விசாரணையில் தெரிந்தது. பாக்டீரியாவை வைத்து நொதிக்கச் செய்து அங்கே டிரிப்டோஃபேன் எடுத்தார்கள். அந்த நுண்ணுயிரின் மரபணுவை மாற்றியமைத்த புதிய வகையைக் கொண்டுவந்ததும், சுத்திகரிக்கப் பயன்படும் கரித்தூளின் அளவைக் குறைத்ததும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடந்தன. இரண்டு டிரிப்டோஃபேன் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்ட ஒரு மாசு உட்பட, மிக நுண்ணிய அளவில் பல கலப்படங்கள் கண்டறியப்பட்டன. நோயை உண்டாக்கியது அவற்றில் எது என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படவே இல்லை. மருந்து தயாரிக்கும் தொழிலை அறிந்தவன் என்ற முறையில் என்னை மிகவும் உலுக்கும் செய்தி இது. பெருமளவு தூய்மையான ஒரு பொருளில் மிகச் சிறு பங்காக இருந்த ஏதோ ஒன்று அத்தனை பேரைப் படுக்கையில் தள்ளியது. அமெரிக்காவில் 1994-இல் வந்த சட்டத்தின்படி, சப்ளிமென்ட்கள் மருந்துகளைப் போலப் பாதுகாப்பையும் பலனையும் முன்கூட்டியே நிரூபித்து ஒப்புதல் பெற வேண்டியதில்லை. வெளிநாட்டுக் குப்பி என்றாலே தரமானது என்று நினைப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இந்தியாவில் இவை உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் விதிகளின்கீழ் உணவுப் பிரிவில் வருகின்றன. மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று என்ற வாசகம் குப்பியில் இருக்க வேண்டும். நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லி விற்கக் கூடாது. மனச்சோர்வுக்காக அதை வாங்குபவர், மருத்துவத்துக்கு அன்று என்று தன்மேலேயே எழுதிக்கொண்ட பொருளைத்தான் மருத்துவத்துக்காக வாங்குகிறார்.

டைரோசின், தேயிலையிலுள்ள தியனைன் ஆகியவற்றையும் சிலர் கேட்கிறார்கள். தியனைன் 200 மி.கி. அளவில் சிலருக்கு மன இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்துவதாகச் சிறு ஆய்வுகள் சொல்கின்றன. டைரோசின் உறக்கமின்மை, கடுங்குளிர் போன்ற உடனடி நெருக்கடியில் சிந்தனைத் திறனைக் காக்கக்கூடும், மனச்சோர்வுக்கு அதை நம்புவதற்கில்லை.

எதையும் வாங்குமுன் ரத்தப் பரிசோதனை ஒன்றுக்கு நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வதுண்டு. தைராய்டு குறைவு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு ஆகிய மூன்றும் மனச்சோர்வைப் போலவே தோன்றும், மூன்றையும் சரிசெய்ய முடியும். சைவ உணவு உண்பவர்களுக்கும், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் நெடுங்காலம் சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறைவது சாதாரணம். சோர்ந்திருக்கும் காலத்துக்கு இடையிடையே தூக்கமே தேவைப்படாத, பேச்சும் செலவும் கட்டுக்கடங்காத நாட்கள் வந்துபோகிறவர்கள் இந்த மாத்திரைகளை அறவே தவிர்க்க வேண்டும். அது இருமுனைக் கோளாறாக இருக்கலாம், செரோடோனினை உயர்த்துவது அவர்களை எழுச்சி நிலைக்குத் தள்ளிவிடக்கூடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தவிர்ப்பதே நல்லது.

எல்லாவற்றையும் கேட்ட பிறகும் முயன்று பார்க்க விரும்பும், வேறு மருந்து எதுவும் எடுக்காத ஒருவர், மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சிறிய அளவில் தொடங்கலாம். வண்டி ஓட்டும் பகல் வேளையில் எடுக்காமல் இரவில் எடுக்க வேண்டும். ஏனெனில் மயக்கமும் தலைசுற்றலும் வரலாம். புரதம் மிகுந்த சாப்பாட்டோடு சேர்க்கக் கூடாது. காரணம் தெரியாத தசைவலி, தோல் தடிப்பு, கை நடுக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு, குப்பியையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஏற்கெனவே எஸ்சிட்டலோபிராம் போன்ற மருந்து எடுப்பவர்கள், இயற்கைப் பொருளுக்கு மாறிக்கொள்கிறேன் என்று அதைத் திடீரென விட்டுவிடக் கூடாது. தலைசுற்றலும் எரிச்சலும் உறக்கக்கேடும் வரலாம், அடக்கப்பட்டிருந்த நோயும் திரும்பலாம். குறைக்க வேண்டுமென்றால் எழுதிக்கொடுத்த மருத்துவரே படிப்படியாகக் குறைக்க வேண்டும். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டுபவருக்கு மாத்திரை தேடும் வேலையே வேண்டாம். 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை எங்கள் கடையில் பணம் வாங்கும் இடத்துக்கு எதிரே, வாங்க வருபவர் கண்ணில் படும் உயரத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். மற்ற கடைக்காரர்களும் ஒட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.